மெட்ரோவா, மின்சார ரயிலா, பஸ்ஸா? அத்தைக்கு வழி சொன்ன கதை

2024 மாசி மாதம். காலை ஆறரை மணி இருக்கும். திண்டிவனத்து அத்தையிடமிருந்து போன்.

"கண்ணு, கிளாம்பாக்கத்துல எறங்கிட்டேன். பெரம்பூருக்கு எதுல ஏறணும்?"

மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்றாம் நாள். அத்தையின் கையில் இரண்டு பை. ஒன்றில் துணி. இன்னொன்றில் பத்தியச் சாமானும், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முருங்கைக்காயும். பட்டன் போன், முழங்கால் வலி. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் மூன்று வழி சொன்னேன்.

முதல் வழி: சிட்டி பஸ் ஏறி கோயம்பேடு, அங்கிருந்து இன்னொரு பஸ். இரண்டாவது: தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், சாலையைக் கடந்து சென்ட்ரல், மறுபடி ஒரு மின்சார ரயில். மூன்றாவது: ஏர்போர்ட் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், அப்புறம் அதே மின்சார ரயில்.

"சரி, மூணுத்துல எது நல்லது?"

கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. மெட்ரோ என்றால் ஏசி, வேகம். மின்சார ரயில் என்றால் தாம்பரத்திலிருந்து பத்து ரூபாய். சாதாரணக் கட்டண பஸ் என்றால் பெண்களுக்குக் காசே இல்லை. அத்தையே முடிவு செய்துவிட்டார். "நான் பஸ்ஸுலயே வந்துடுறேன். இந்தப் பையத் தூக்கிக்கிட்டு படி ஏற முடியாது." திண்டிவனத்திலிருந்து கிளாம்பாக்கம் வர ஆன நேரமும், கிளாம்பாக்கத்திலிருந்து பெரம்பூர் போய்ச் சேர ஆன நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அத்தை கேட்ட கேள்வியைத்தான் சென்னை நகரமும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கையில் இருக்கும் பணத்தை மெட்ரோவில் போடுவதா, ஏற்கெனவே ஓடும் மின்சார ரயிலில் போடுவதா, பஸ் வாங்குவதா? டீக்கடையில் ஆரம்பித்து சட்டமன்றம் வரை எல்லோருக்கும் இதில் ஒரு கட்சி இருக்கிறது. இந்த வாரம் என் கட்சியைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

ஒரு கிலோமீட்டருக்கு 300 பஸ்

சென்னையில் மெட்ரோ முதன்முதலில் ஓடியது 2015 ஜூன் 29-ல், கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை. 2019 பிப்ரவரியில் முதல் கட்டம் முழுசாக முடிந்தது. 2021-ல் திருவொற்றியூரைத் தாண்டி விம்கோ நகர் வரை நீட்டினார்கள். மொத்தம் 54 கிலோமீட்டர்.

இப்போது ஊரெல்லாம் தகரத் தடுப்பு வைத்து நடந்துகொண்டிருக்கிறதே, அது இரண்டாம் கட்டம். மாதவரம் – சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர் என்று மூன்று தடங்கள். சுமார் 119 கிலோமீட்டர். திட்டச் செலவு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் கிடைத்தது.

கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு 530 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. இது சராசரி. மயிலாப்பூர், புரசைவாக்கம் மாதிரி குறுகலான தெருக்களுக்கு அடியில் சுரங்கம் தோண்டினால் செலவு எகிறும். ஓ.எம்.ஆரில் தூண் நட்டு மேலே போனால் குறையும்.

இப்போது பஸ் கணக்கு. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்களை விட்டார்கள். அவற்றின் மதிப்பு சுமார் 208 கோடி ரூபாய். அதாவது ஒரு பஸ் ஒன்றே முக்கால் கோடி. ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் இப்படி 300 பஸ் வாங்கலாம்! மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் மொத்தமே 3,200 பஸ் சொச்சம்தான். பத்துப் பதினோரு கிலோமீட்டர் மெட்ரோவின் பணத்தில் சென்னையின் பஸ்களை இரண்டு மடங்காக்கிவிடலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். 2024-ம் ஆண்டு முழுக்க சென்னை மெட்ரோவில் பயணம் செய்தவர்கள் சுமார் பத்தரைக் கோடி பேர். மாநகரப் பஸ்களில் ஒரு நாளைக்கு 30 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் போகிறார்கள். மெட்ரோ ஒரு வருடத்தில் ஏற்றியவர்களை பஸ் ஐந்து வாரத்தில் ஏற்றி இறக்கிவிடுகிறது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "மெட்ரோ வேண்டாம், பஸ் போதும்" என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது.

பஸ் வாங்கிவிடலாம், சரி. அதை எங்கே ஓட்டுவது? மாலை ஆறு மணிக்கு போரூர் சிக்னலில் நின்றிருக்கிறீர்களா? அங்கே இன்னும் ஐம்பது பஸ் சேர்ந்து நின்றால் ஐம்பது பஸ்ஸில் உட்கார்ந்து வியர்ப்போம், அவ்வளவுதான். முதல் கட்ட மெட்ரோவின் நான்கு பெட்டி ரயில் ஒன்றில் 1,276 பேர் போகலாம். அதே கூட்டத்துக்குச் சுமார் இருபது பஸ் வேண்டும். அந்த இருபது பஸ்ஸும் சிக்னலில் நிற்கும், ரயில் நிற்காது. பஸ்ஸின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம், சுரங்கம் நம் பேரப் பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும். தவிர, வாங்கிய விலையோடு பஸ் செலவு முடிவதில்லை. டிரைவர், கண்டக்டர், பணிமனை, பேட்டரி எல்லாம் வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் இன்னொன்றும் உண்டு. பஸ் ஊர் முழுக்க ஓடுகிறது. மெட்ரோ இரண்டே தடத்தில் ஓடியது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தது என் தப்பு.

பஸ்ஸுக்கு என்று சாலையில் தனிப் பாதை ஒதுக்கினால்? ஒதுக்கலாம். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-லேயே செய்து காட்டியது. அகமதாபாத்தில் 2009-லிருந்து ஓடுகிறது. டெல்லியும் 2008-ல் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் இடையே ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போட்டுப் பார்த்தது. பஸ் விறுவிறுவென்று போக, பக்கத்துப் பாதையில் கார்கள் தேங்கின. கார்க்காரர்களுக்குக் கோபம் வந்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2016-ல் அதைப் பிரித்தே எடுத்துவிட்டார்கள். சென்னையிலும் இந்த யோசனை பல தடவை காகிதத்தில் வந்து போயிருக்கிறது. சாலையில் ஒரு கோடு போட்டு "இது பஸ்ஸுக்கு மட்டும்" என்று சொல்ல ஆகும் செலவு கொஞ்சம்தான். சொல்லும் தைரியத்துக்குத்தான் விலை அதிகம். மெட்ரோ யாருடைய இடத்தையும் நிரந்தரமாகப் பறிப்பதில்லை, தரைக்கு அடியிலோ தலைக்கு மேலோ போய்விடுகிறது. அரசியல்வாதிகளுக்கு அதைப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கும் இதில் கூட்டாளி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுரங்கம் தோண்டும் இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, காவேரி, அடையாறு, மயில், பெலிகன் என்று அழகழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும் வீடியோவைப் போட்டால் நிமிடத்தில் பரவும். 'இந்தத் தடத்தில் இனி பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்' என்று செய்தி போட்டால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள்கூட!

தண்டவாளம் இருந்தது, ஸ்டேஷன் இல்லை

மறுபடி கிளாம்பாக்கத்துக்கு வருவோம். இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள சென்னையில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

2023 டிசம்பர் 30-ல் அங்கே பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். பெரிய கட்டடம்தான், வசதிகளுக்கும் குறைவில்லை. தென் மாவட்டங்களிலிருந்து வரும் பஸ்கள் கோயம்பேடு வரை வராமல் அங்கேயே நிற்க வேண்டும் என்றார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி சாலைக்கு அந்தப் பக்கம், செங்கல்பட்டு – தாம்பரம் மின்சார ரயில் தண்டவாளம் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூரம். ஆனால் அப்போது ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. ஒரு பக்கம் வண்டலூர், மறுபக்கம் ஊரப்பாக்கம், நடுவில் கிளாம்பாக்கத்தில் ஒன்றுமில்லை. ஸ்டேஷன் கட்டும் வேலை பஸ் நிலையம் திறந்த பிறகுதான் தொடங்கியது.

அத்தை அன்று இறங்கி நின்றபோது ரயில் சத்தம் கேட்டிருக்கும். ஏறத்தான் வழியில்லை.

இப்போது அதே கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ கொண்டுவர ஒரு திட்டம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாக 15.46 கிலோமீட்டர். மதிப்பீடு 9,335 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 600 கோடி. இந்தத் தடத்தின் ஊர்ப் பெயர்களை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எல்லா ஊரிலும் ஏற்கெனவே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. பீச் – தாம்பரம் மின்சார ரயில் 1931 மே மாதத்திலிருந்து ஓடுகிறது. என் தாத்தா பிறப்பதற்கு முன்பே வந்த ரயில்.

அந்த ரயிலில் என்ன குறை? தாம்பரம் வரை பரவாயில்லை, அடிக்கடி வரும். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் செங்கல்பட்டு வரை போகும் வண்டிகள் குறைவு. அதற்குக் காரணம், அந்தப் பகுதியில் மூன்று தடங்கள்தான் இருக்கின்றன. அதிலேயே எக்ஸ்பிரஸும் போக வேண்டும், சரக்கு ரயிலும் போக வேண்டும், மின்சார ரயிலும் போக வேண்டும். மதுரையிலிருந்து வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு மின்சார ரயில் ஓரம் கட்டும். நான்காவது தடம் போட்டால் இந்த இடைஞ்சல் பெருமளவு தீரும். தாம்பரம் – செங்கல்பட்டு இடையே சுமார் 30 கிலோமீட்டருக்கு நான்காவது தடம் போட ரயில்வே வாரியம் 2025-ல் ஒப்புதல் தந்தது. செலவு 757 கோடி ரூபாய்.

15 கிலோமீட்டருக்கு 9,335 கோடி. அதே திசையில் 30 கிலோமீட்டருக்கு 757 கோடி. முதல் தடவை பார்த்தபோது நான் ஏதோ ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பச் சரிபார்த்தேன்.

அப்படியானால் மாநில அரசு ஏன் மெட்ரோவையே கேட்கிறது? ஏனென்றால் மின்சார ரயில் மாநில அரசின் கையில் இல்லை. அது ரயில்வேயுடையது. எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷனில் நகரும் படிக்கட்டு என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். சென்னை மெட்ரோ நிறுவனமோ மத்திய, மாநில அரசுகள் சரிபாதி சேர்ந்து நடத்துவது. அங்கே மாநில அரசால் பேச முடியும். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தாலும் சொந்தமாக ஒரு போர் போட்டுக்கொள்வோம் இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போர் போட 9,335 கோடி என்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கத் தோன்றும்.

பேசுவதற்கு என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக 'கும்டா'. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரத்தான் அதற்கான சட்டத்தை 2010-ல் போட்டார்கள். அந்த மேஜையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்! 2025 செப்டம்பரில் அவர்கள் கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலி நல்ல முயற்சி. ஒரே க்யூ.ஆர் டிக்கெட்டில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாம் ஏறலாம். அத்தையின் பட்டன் போனில் அது வராது என்பது தனிக் கதை.

பறக்கும் ரயில் சொன்ன பாடம்

ரயில் போட்டுவிட்டால் மட்டும் கூட்டம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் மதிய வேளையில் பறக்கும் ரயிலில் போய்ப் பார்க்கலாம். 1995-ல் பீச் – சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட பாதை அது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போட்டார்கள். நிலம் வாங்கும் தொல்லை குறைவு என்பதால் கால்வாயே பாதையாகிவிட்டது. ஆனால் மக்கள் நடமாடுவது கால்வாய் ஓரத்தில் இல்லை, கடைத்தெருவில். பல நிலையங்கள் பெரிய பெரிய கான்கிரீட் கூடங்களாக, வாசலில் பஸ் ஸ்டாப் கூடச் சரியாக இல்லாமல், இருட்டிய பிறகு பெண்கள் தனியாகப் போகத் தயங்கும் இடங்களாக இருந்தன.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு 2008-ல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பல வருடம் தூண்கள் வானத்தைப் பார்த்து நின்றன. பரங்கிமலையில் மின்சார ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. அந்த அரை கிலோமீட்டர் அன்றே முடிந்திருந்தால் வேளச்சேரிக்காரர்கள் மூன்று ரயிலையும் ஒரே இடத்தில் பிடித்திருப்பார்கள்.

அதனால்தான் 'எத்தனை கிலோமீட்டர் போட்டோம்' என்பதைவிட 'எது எதோடு சேர்கிறது' என்று பார்ப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சேராத இடத்தில் யார் அடிபடுகிறார்கள்? பெரும்பாக்கத்துக்குப் போனால் தெரியும். கூவம் கரையிலும் நகரின் மற்ற இடங்களிலும் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். வீடு இடம் மாறியது, வேலை மாறவில்லை. சமையல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் பலர் இன்னும் பழைய இடங்களுக்குத்தான் போய் வருகிறார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது, அப்படிப்பட்ட குடும்பங்களுக்குச் சம்பள உயர்வு மாதிரி.

இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடத்தில் பெரும்பாக்கத்துக்கும் நிலையம் உண்டு. நல்லதுதான். ஆனால் மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. போக 30, வர 30 என்று வைத்துக்கொண்டால்கூட மாதம் 25 நாளுக்கு 1,500 ரூபாய். நான்கு வீட்டில் பாத்திரம் கழுவும் ஓர் அக்காவுக்கு அது ஒரு வீட்டுச் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும். மெட்ரோ வந்தபிறகு "அதான் ரயில் வந்துடுச்சே" என்று அந்தத் தடத்தின் இலவச பஸ்ஸைக் குறைத்துவிடுவார்களோ என்பதுதான் எனக்குப் பயம். குறைக்கப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. குறைக்க மாட்டோம் என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிட்டால் என்ன?

சரி, என் கட்சி எது? மெட்ரோ வேண்டுமா, வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்பதே தப்பு என்பதுதான். தடம் தடமாகக் கேட்க வேண்டும்.

பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம், ராயப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு, ஓ.எம்.ஆர் என்று வடக்கையும் தெற்கையும் ஊரின் நடுவாகக் கோத்துக்கொண்டு போகும் தடத்தில் இன்றைக்கு நேரடி ரயில் கிடையாது. சாலையை அகலப்படுத்த இடமும் இல்லை. அங்கே சுரங்கம்தான் வழி. செலவானாலும் தோண்டத்தான் வேண்டும். பூந்தமல்லி – போரூர் – வடபழனிக்கும் மெட்ரோ வேண்டியதுதான். பூந்தமல்லியும் போரூரும் அதுவரை தண்டவாளத்தையே பார்க்காத ஊர்கள். இந்த வேலைக்காக நகரம் கொடுத்திருக்கும் விலை பணம் மட்டுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூனில் மணப்பாக்கம் அருகே மேலிருந்து கர்டர் விழுந்ததில் பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒருவர் உயிரே போனது.

கிளாம்பாக்கம் தடத்தில் என் ஓட்டு மெட்ரோவுக்கு இல்லை. இப்போதைக்கு இல்லை. முதலில் நான்காவது தடம் வரட்டும். செங்கல்பட்டு வரை பத்து நிமிடத்துக்கு ஒரு பன்னிரண்டு பெட்டி ரயில் ஓடட்டும். ஜி.எஸ்.டி சாலையில் எட்டு வழி இருக்கும் இடங்களிலாவது ஒரு வழியை பஸ்ஸுக்கு விட்டுப் பார்க்கட்டும். அதற்கும் மீறிக் கூட்டம் வழிந்தால் மெட்ரோ போடலாம், யார் வேண்டாம் என்றது? அதுவரை அந்த 9,335 கோடியில் ஒரு பங்கை பஸ்ஸுக்குக் கொடுத்தால், ரயிலே எட்டாத செங்குன்றம், மாங்காடு, குன்றத்தூர் பக்கம் இருப்பவர்கள் வாழ்த்துவார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எழுபது வருஷம் போச்சு. 1953-ல் டிராமை நிறுத்தினப்போ பஸ் போதும்னுதான் நினைச்சிருப்பாங்க. அப்பவே ரயில் போட்டிருந்தா இப்ப கால்வாசி செலவுல முடிஞ்சிருக்கும்" என்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தள்ளிப்போடப் போட நிலத்தின் விலையும் சிமெண்டின் விலையும் ஏறும். கிளாம்பாக்கத்தில் நான் கணக்குத் தப்பிப் போனால், இன்னும் இருபது வருடம் கழித்து யாராவது இந்தப் பத்தியைத் தேடி எடுத்துத் திட்டலாம்.

போன மாதம் அத்தையோடு பெரம்பூரில் நடந்துகொண்டிருந்தேன். குழந்தைக்கு இப்போது இரண்டு வயது ஆகிறது. மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருக்கும் தகரத்தைப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார், "இது முடிஞ்சா கிளாம்பாக்கத்துலேர்ந்து நேரா இங்க வந்துடலாமா?"

"இல்ல அத்தே, இது மாதவரத்துலேர்ந்து சிப்காட் போறது. உங்களுக்கு ஒரு தடவையாவது மாறணும்."

"மாறிக்கலாம். மாறுற எடத்துல லிப்ட் இருக்குமா?"

"இருக்கும்."

"அடுத்த வண்டி உடனே வருமா?"

மெட்ரோ என்றால் வரும் என்றேன். மற்றதற்கு அன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தை அதற்குள் பேரனுக்குப் பொரி வாங்கக் கடைப் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் திண்டிவனம் போய்விட்டு மறுபடி வருகிறாராம். எதற்கும் காலை ஆறரைக்கு போனை சைலன்ட்டில் போடாதே என்று சொல்லியிருக்கிறார்.